டெக்சாஸ் குட்டிக் கவுண்டியில் விவாகரத்துத் தீர்ப்பு நகல்: யாரிடம் கேட்பது, என்ன எழுதுவது?

புதுவரவு, 11 பிப்ரவரி 2023

மேற்கு டெக்சாஸில் 2012-ல் முடிந்த ஒரு விவாகரத்து. கையில் இருப்பது தீர்ப்பின் கடைசிப் பக்க ஜெராக்ஸ் மட்டும். நீதிபதி கையெழுத்து, தேதி, "143வது மாவட்ட நீதிமன்றம்" என்று ஒரு வரி. முதல் பக்கம் யாரிடமும் இல்லை. இப்போ ஊரில் மறுமணம் பதிவு பண்ணணும், பிறகு ஐ-130 (குடும்பத்தினருக்கான அமெரிக்கக் குடியேற்ற மனு) போடணும். ஆஸ்டினில் மாநில சுகாதாரத் துறைக்கு 20 டாலர் கட்டினா விவாகரத்துச் சான்றிதழே வந்துடும், கவுண்டிக்கெல்லாம் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி நிர்வாகப் பிரிவு) அலைய வேண்டாம்னு ஏஜென்ட் அடிச்சுச் சொல்றார். சரியா?

கோப்புப்பூச்சி, 11 பிப்ரவரி 2023

தப்பு. 20 டாலருக்கு வருவது சரிபார்ப்புக் கடிதம். இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன தேதியில் இன்ன கவுண்டியில் விவாகரத்து ஆனதாக எங்கள் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு தாள். அதில் நீதிபதி கையெழுத்து இல்லை, நிபந்தனை இல்லை, குழந்தை யாரிடம் என்ற பேச்சு இல்லை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் பணம் திரும்பாது.

தீர்ப்பு இருப்பது வழக்குப் போட்ட கவுண்டியில், டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம், அதாவது மாவட்ட நீதிமன்றக் கோப்புகளை வைத்திருப்பவரிடம். ஐ-130க்கு முந்தைய திருமணம் முடிந்ததற்குத் தீர்ப்பு நகல் கேட்பார்கள். இந்தியாவில் பதிவாளரும் அதையே கேட்பார். கடிதத்தை நீட்டினால் இரண்டு பேரும் திருப்பித்தான் கொடுப்பார்கள்.

கோப்புப்பூச்சி, 11 பிப்ரவரி 2023, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. "மாவட்ட" நீதிமன்றம் என்றதும் நம்ம ஊர் கலெக்டர் மாவட்டத்தை நினைக்காதீர்கள். அங்கே அது நீதிபதியின் எல்லை. ஒரே நீதிபதி பல கவுண்டிகளுக்குச் சுற்றுவார். 143வது நீதிமன்றத்துக்குக் கீழே லவிங், ரீவ்ஸ், வார்டு என்று மூன்று கவுண்டிகள். ஆகவே உங்கள் ஜெராக்ஸில் இருக்கும் எண்ணை வைத்துக் கவுண்டியைச் சொல்ல முடியாது. முதல் பக்கத்தில் நீதிமன்ற எண்ணுக்குக் கீழே கவுண்டி பெயர் தனி வரியாக இருக்கும். உங்களிடம் இல்லாதது அந்த வரிதான்.

லவிங்குக்குத் தலைநகரம் மென்டோன், ரீவ்ஸுக்கு பேகோஸ், வார்டுக்கு மொனஹான்ஸ். மூன்று இடத்திலும் தனித்தனிக் கட்டு, தனித்தனி எண் வரிசை. ஒரு கிளர்க்கிடம் கேட்டால் பக்கத்துக் கவுண்டியில் இருப்பது அவருக்குத் தெரியாது.

நோட்டரி மாமா, 12 பிப்ரவரி 2023

எதுக்கு இவ்வளவு சிரமம்? இருக்கிற ஜெராக்ஸை டெக்சாஸில் ஒரு நோட்டரியிடம் காட்டி "உண்மை நகல்" முத்திரை வாங்கி, அப்பஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு கொடுக்கிற சான்று) போட்டா முடிஞ்சது.

கோப்புப்பூச்சி, 12 பிப்ரவரி 2023

மாமா, பொது அலுவலகத்தில் பதிவாகி இருக்கும் ஆவணத்துக்கு நகல் சான்று கொடுக்க டெக்சாஸ் நோட்டரிக்கு அதிகாரமே கிடையாது. தீர்ப்பு, பிறப்புச் சான்று, பத்திரம் எல்லாம் அந்த வகை. அவர் முத்திரை குத்திக் கொடுத்தாலும் அப்பஸ்டில் கொடுக்கும் மாநில அலுவலகமான ஆஸ்டின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் திருப்பி அனுப்பிவிடும். அதுவும் கடைசிப் பக்கம் மட்டும்! தலையில்லாத உடம்புக்கு அடையாள அட்டை கேட்கிற மாதிரி.

கோப்புப்பூச்சி, 12 பிப்ரவரி 2023

கவுண்டியைக் கண்டுபிடிக்கும் வழி. மாநிலப் பட்டியலை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும், சான்றுக்கு இல்லை. டெக்சாஸின் விவாகரத்துப் பட்டியல் 1968-லிருந்து இருக்கிறது. ஆண்டுவாரியாகப் பொதுவில் கிடைக்கிறது, வம்சாவளித் தளங்களும் ஏற்றி வைத்திருக்கின்றன. 2012-க்குக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். அதில் இருப்பவை: கணவர் பெயர், வயது, மனைவி பெயர், வயது, திருமணத் தேதி, விவாகரத்துத் தேதி, 18 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, எந்தக் கவுண்டி. வழக்கு எண் கிடையாது.

பட்டியல் கைகொடுக்காவிட்டால் யோசித்துப் பாருங்கள். டெக்சாஸில் விவாகரத்து மனுப் போட, இருவரில் ஒருவர் 6 மாதம் மாநிலத்திலும் 90 நாள் அந்தக் கவுண்டியிலும் குடியிருந்திருக்க வேண்டும். அதனால் கல்யாணம் எங்கே நடந்தது என்று தேடிப் பயனில்லை. மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று மாதம் யார் எங்கே வாடகைக்கு இருந்தார்கள், ஓட்டுநர் உரிமத்தில் என்ன முகவரி, சம்பளச் சீட்டு எந்த ஊருக்கு வந்தது என்று பாருங்கள். எண்ணெய் வயல் வேலைக்கு வந்தவர்கள் தங்கிய கேம்ப் ஒரு கவுண்டியிலும், வீட்டு முகவரி இன்னொன்றிலும் இருப்பது சகஜம்.

மனுவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே குறைந்தது 60 நாள் காத்திருப்பு உண்டு. தீர்ப்புத் தேதி ஜனவரி என்றால் வழக்கு எண் முந்தைய ஆண்டு வரிசையில் இருக்கலாம். கடிதத்தில் "2012 மட்டும் தேடுங்கள்" என்று எழுதாதீர்கள், 2011-ஐயும் சேருங்கள்.

புதுவரவு, 12 பிப்ரவரி 2023

பட்டியல்ல கிடைச்சுது அண்ணா. மூன்றில் ஒன்றுதான். எந்தக் கவுண்டின்னு இங்கே போடலை. ஆன்லைன்ல எடுக்க முடியாதா?

கோப்புப்பூச்சி, 12 பிப்ரவரி 2023

2012 வழக்கு என்பதால் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் சிவில் வழக்குகளுக்கு மின் தாக்கல் கட்டாயம் ஆனது கட்டம் கட்டமாக. பெரிய கவுண்டிகளுக்கு 2014, 20,000-க்குக் குறைவான மக்கள் தொகை உள்ளவற்றுக்கு 2016 ஜூலை 1. இந்த மூன்றுமே 20,000-க்குக் கீழ். ரீசர்ச்டிஎக்ஸ் என்ற மாநிலத் தளத்தில் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் வழக்கு இல்லை என்று பொருளாகாது. காகிதக் கட்டு அலமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இணையத்தில் "உடனடி விவாகரத்து ஆவணம்" என்று 30, 40 டாலர் கேட்கும் தனியார் தளங்கள் கொடுப்பதும் மேலே சொன்ன இலவசப் பட்டியலின் ஒரு வரிதான்.

கோப்புப்பூச்சி, 14 பிப்ரவரி 2023

காதலர் தினத்தில் உட்கார்ந்து விவாகரத்து நகலுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் யாருக்கு எழுதுவது? டெக்சாஸில் கவுண்டி கிளர்க் வேறு, டிஸ்ட்ரிக்ட் கிளர்க் வேறு. கல்யாண லைசென்ஸ், நிலப் பத்திரம் எல்லாம் கவுண்டி கிளர்க். விவாகரத்து டிஸ்ட்ரிக்ட் கிளர்க். பல கடிதங்கள் தப்பான மேசைக்குப் போய்த் தூங்குவது இதனால்தான். ஆனால் 8,000-க்குக் குறைவான மக்கள் தொகை உள்ள கவுண்டிகளில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்கலாம் என்று டெக்சாஸ் அரசியல் சட்டமே சொல்கிறது. லவிங் அந்த வகை. 2020 கணக்கெடுப்பில் அங்கே 64 பேர். நம்ம டவுன்பஸ்ஸில் ஒரு காலை நேர ட்ரிப்புக்கு ஏறுகிற கூட்டம், சுமார் 670 சதுர மைல் நிலத்தில். ரீவ்ஸிலும் வார்டிலும் இரண்டு கிளர்க்குகளும் தனித்தனி. உறையின் மேல் எப்படியானாலும் "டிஸ்ட்ரிக்ட் கிளர்க்" என்றே எழுதுங்கள். ஒரே ஆள் என்றால் அவரிடமே போகும்.

கடிதத்தில் வர வேண்டியவை:

இருவரின் முழுப் பெயர், வழக்கு நடந்தபோது இருந்தபடி. வேறு எழுத்துக்கூட்டலும் தெரிந்தால் அடுத்த வரியில். தீர்ப்புத் தேதி, தெரியாவிட்டால் இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை. நீதிமன்ற எண். காஸ் நம்பர், அதாவது வழக்கு எண், தெரிந்தால் அது முதல் வரியில். நம்ம ஊர் எச்எம்ஓபி (இந்து திருமண மனு) நம்பர் மாதிரி அது ஒன்று இருந்தால் மீதி எதுவுமே தேவையில்லை. எந்த ஆவணம் வேண்டும்: "ஃபைனல் டிக்ரி ஆஃப் டிவோர்ஸ், எல்லாப் பக்கங்களும், இணைப்புகளோடு". "விவாகரத்துப் பேப்பர்கள்" என்று மட்டும் எழுதினால் மனு, சம்மன், ஒப்புகை, இடைக்கால உத்தரவு எல்லாவற்றையும் எண்ணி 120 பக்கத்துக்கு விலை சொல்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எத்தனை நகல், சான்றிட்டதா சாதாரணமா. ஒரு மின்னஞ்சல் முகவரி, ஏனென்றால் பக்க எண்ணிக்கையைச் சொல்லத்தான் அவர்கள் முதலில் பதில் போடுவார்கள்.

உறவுமுறை, காரணம், அதிகாரப் பத்திரம் எதுவும் வேண்டாம். நீதிபதி முத்திரையிட்டு மூடிய கட்டு தவிர, விவாகரத்துத் தீர்ப்பு அங்கே பொது ஆவணம். யாரும் கேட்கலாம். பத்து வரிக்குக் குடும்பக் கதை எழுதினால் அந்தப் பத்து வரிக்கு நடுவே பெயர் தொலைந்துபோகும்.

பணம்: சின்ன அலுவலகங்களில் பல தனிநபர் செக் வாங்குவதில்லை. மணி ஆர்டர் அல்லது கேஷியர்ஸ் செக் (வங்கியே எழுதித் தரும் செக்). அமெரிக்கத் தபால் மணி ஆர்டரை இந்தியாவிலிருந்து எடுக்க முடியாது, அங்கே இருக்கும் ஒருவரை வைத்து எடுங்கள். கூடவே தபால்தலை ஒட்டிய, உங்கள் முகவரி எழுதிய திரும்பும் உறை. 40 பக்கத் தீர்ப்பு சின்ன உறைக்குள் போகாது, ஒரு தபால்தலையும் போதாது. பெரிய உறை, போதுமான தபால்தலை.

கட்டணம்: பக்கத்துக்கு 1 டாலர், அதோடு சான்றுக்கு 5 டாலர். குழந்தை இல்லாத, ஒத்துப்போன தீர்ப்பு 10, 15 பக்கத்தில் முடியும். குழந்தை இருந்தால் 30, 40-ஐத் தாண்டும்.

கோப்புப்பூச்சி, 15 பிப்ரவரி 2023

திருத்தம். நேற்று "சான்றுக்கு 5 டாலர்" என்று எழுதியது கவுண்டி கிளர்க் பக்கத்து விதி. டிஸ்ட்ரிக்ட் கிளர்க்குக்கு டெக்சாஸ் அரசுச் சட்டத் தொகுப்பின் 51.318வது பிரிவு. அதன்படி சான்றும் முத்திரையும் சேர்த்தே பக்கத்துக்கு 1 டாலருக்கு மிகாமல். சாதாரண நகலுக்கும் அதே 1 டாலர் உச்சவரம்பு. ஆகவே சாதாரண நகல் கேட்டு மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. 5 டாலர் வருவது வேறு இடத்தில்: வழக்கு எண் கொடுக்காமல் தேடச் சொன்னால் தேடுதல் கட்டணம் 5.

புதுவரவு, 15 பிப்ரவரி 2023

போன் பண்ணிக் கேட்டுட்டு அனுப்பலாமா? ராத்திரி பண்ணினா எடுக்கலை.

கோப்புப்பூச்சி, 15 பிப்ரவரி 2023

எத்தனை மணிக்கு? மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அங்கே காலை 9 என்றால் இங்கே இரவு 8.30. அதன்பிறகு 7.30. இங்கே இரவு 11.30க்குப் போட்டிருந்தால் அங்கே மதியம் 12, ஒரே ஆள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகும் நேரம். திங்கள் காலை வேண்டாம். அந்தப் பக்கத்துக் கவுண்டிகளில் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நில உரிமை தேடும் லேண்ட்மேன்கள் பத்திரப் புத்தகங்களோடு மேசையை நிறைத்திருப்பார்கள். தேர்தல் சமயத்தில் அதையும் நடத்துவது பல ஊர்களில் அதே கிளர்க்தான். போனில் மூன்றே கேள்வி: எப்படிப் பணம் கட்டலாம், எந்தத் தபால் முகவரி, மொத்தம் எத்தனை பக்கம். நீதிமன்றக் கட்டட முகவரியும் தபால் பெட்டி எண்ணும் பல இடங்களில் வேறு வேறு.

புதுவரவு, 27 பிப்ரவரி 2023

பதில் வந்துடுச்சு. "இந்தப் பெயரில் ஒன்றும் இல்லை." 5 டாலர் எடுத்துக்கிட்டாங்க. மாநிலப் பட்டியல்ல அதே கவுண்டிதான் இருக்கு. இப்ப என்ன செய்ய?

கோப்புப்பூச்சி, 27 பிப்ரவரி 2023

பதறாதீர்கள் தம்பி. "இந்தப் பெயரில்" என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நம்ம ஆட்களுக்குத் தேடல் தவறுவது முக்கால்வாசி பெயரில்தான்.

அங்கே அட்டவணை குடும்பப் பெயர் வரிசையில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருப்போம், அல்லது இனிஷியலை விரித்திருப்போம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்றால் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று விழுந்திருக்கும், அதாவது முதல் பெயர் தெரியாது. வக்கீல் அதை அப்படியே மனுவில் ஏற்றினால், அந்த ஆள் "எஃப்என்யூ" என்பவராகவே அட்டவணைக்குள் போய்விடுவார். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் கடைசிப் பெயர் புருஷனின் சொந்தப் பெயர் ஆகிறது. ஆகவே கார்த்திக்கின் அப்பா பெயர் சுப்பிரமணியன் என்றால், கணவர் "சுப்பிரமணியன்" வரிசையில், மனைவி "கார்த்திக்" வரிசையில். அமெரிக்கக் கண்ணுக்கு இருவரும் புருஷன் பெண்டாட்டியாகவே தெரியாது. அப்புறம் அந்த சுப்பிரமணியன் முடிவது எம்மிலா என்னிலா, நடுவில் வருவது ஐயா ஒய்யா?

மாநிலப் பட்டியலில் சரியாக இருந்து கவுண்டியில் இல்லாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. பட்டியலுக்குப் போகும் தகவல் தீர்ப்பிலிருந்து எடுக்கப்படுவதில்லை. வழக்கு முடியும்போது விஎஸ்-165 என்று தனிப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுப்பார்கள், அதைக் கிளர்க் ஆஸ்டினுக்கு அனுப்புவார். அதில் பாஸ்போர்ட் பார்த்து ஒரு மாதிரியும், மனுவில் வேறு மாதிரியும் எழுதியிருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும்: படிவம் போகவே இல்லை என்றால் தீர்ப்பு கவுண்டியில் பத்திரமாக இருக்கும், மாநிலப் பட்டியலில் இருக்காது.

கோப்புப்பூச்சி, 28 பிப்ரவரி 2023

இன்னொன்று, நேற்றே சொல்லியிருக்க வேண்டியது. டெக்சாஸ் விவாகரத்து வழக்கின் தலைப்பு "இன்னார் எதிர் இன்னார்" என்று இருக்காது. "இன் தி மேட்டர் ஆஃப் தி மேரேஜ் ஆஃப்" என்று தொடங்கி இரண்டு பெயரும் வரும். குழந்தை இருந்தால் "அண்ட் இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப்" என்று அதன் பெயரும். அட்டவணை எழுதுபவர் தலைப்பின் முதல் சொல்லைப் பார்த்து எல்லா விவாகரத்தையும் "இன்" என்ற இடத்தில் கொட்டிவைத்திருந்தால், பெயர் வைத்துத் தேடுபவருக்குக் கிடைக்காது. சிலர் "மேரேஜ்" என்ற இடத்தில்.

அடுத்த கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: மனுதாரர் அட்டவணை, எதிர்மனுதாரர் அட்டவணை இரண்டிலும், "இன் தி மேட்டர்" என்ற தலைப்பின் கீழும். கூடவே, மாநிலப் பட்டியலில் இருக்கும் தீர்ப்புத் தேதியைச் சொல்லி, அந்த நாளின் சிவில் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டச் சொல்லுங்கள். நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்புகள் தேதி வாரியாக மினிட்ஸில் ஏறும், தொகுதி எண், பக்க எண்ணோடு. மூன்று கவுண்டிக்கும் ஒரே நீதிபதி என்பதால் ஒரு சின்னக் கவுண்டியில் அந்த நாளுக்கு இரண்டோ மூன்றோ தீர்ப்புதான் இருக்கும். சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே இதுதான் குறுக்கு வழி.

எண் கிடைத்து, "தீர்ப்பு இல்லை" என்று சொன்னாலும் காரணம் கேளுங்கள். நடத்தாமல் விட்டதால் தள்ளுபடி, மனுதாரரே வாபஸ் என்று இரண்டு வகை உண்டு. அப்படியென்றால் அந்த எண்ணில் விவாகரத்து ஆகவே இல்லை. பிற்பாடு வேறு எண்ணில் மறுபடி போட்டிருப்பார்கள்.

வெயிலூர், 3 மார்ச் 2023

இடையில் நுழைகிறேன். மருமகள் டெக்சாஸ்காரி. அவளுடைய கொள்ளுத்தாத்தா 1920-களில் லவிங் கவுண்டியில் விவாகரத்து வாங்கியதாக வீட்டில் பேச்சு. இதே முறையில் தேடலாமா?

கோப்புப்பூச்சி, 3 மார்ச் 2023

மாநிலப் பட்டியல் 1968-க்கு முன் இல்லை, அதை மறந்துவிடுங்கள். லவிங்கிலும் தேடாதீர்கள். அந்தக் கவுண்டி 1887-ல் பிரிக்கப்பட்டு, 1893-ல் நிர்வாகம் அமைந்து, 1897-ல் கலைக்கப்பட்டு ரீவ்ஸோடு ஒட்டப்பட்டது. மறுபடி அமைந்தது 1931-ல். நடுவிலே 34 ஆண்டுகளுக்கு அங்கே கிளர்க்கே கிடையாது. 1920-கள் என்றால் பேகோஸில், ரீவ்ஸ் கவுண்டி மினிட்ஸில் பாருங்கள். மற்ற குட்டிக் கவுண்டிகளுக்கும் முதல் கேள்வி இதுதான்: அந்த ஆண்டில் இந்தக் கவுண்டி இருந்ததா, இருந்தால் தனி நீதிமன்றம் இருந்ததா? கெனடி கவுண்டி பிறந்ததே 1921-ல்.

பழைய வழக்கில் தலைப்பு "இன்னார் எதிர் இன்னார்" என்றே இருக்கும், ஆகவே அங்கே பெயர் அட்டவணை வேலை செய்யும். டெக்சாஸ் மாநில நூலகம் பல கவுண்டிகளின் பழைய புத்தகங்களை மைக்ரோபிலிமில் வைத்திருக்கிறது. மருமகளின் ஊர் நூலகம் மூலமாக இரவல் கேட்கலாம்.

இன்னொன்று: 1970-க்கு முன் அங்கே தப்பு யாருடையது என்று சொல்லாமல் விவாகரத்து கிடைப்பது அரிது. அடி, உதை, விட்டுட்டு ஓடியது என்று மனுவில் வரிசையாக இருக்கும். குடும்பத்தில் பெரியவர்கள் இருக்கும்போது சத்தமாக வாசிக்க வேண்டாம்.

வெயிலூர், 3 மார்ச் 2023

அதுக்குத்தானே தேடறோம்.

புதுவரவு, 9 மார்ச் 2023

கிடைச்சுடுச்சு! "இன்" எழுத்துக்குக் கீழேதான் இருந்ததாம். மினிட்ஸ் தேதி வைத்துப் பிடித்தாங்க. காஸ் நம்பர் கொடுத்து, 14 பக்கம்னு சொல்லியிருக்காங்க. மொத்தம் 19 டாலர், இரண்டாவது தடவை தேடினதுக்கான 5 டாலரும் சேர்த்து. முதல் பக்கத்தை மட்டும் மெயில்ல அனுப்பினாங்க. நடுவில் ஒரு கோடு முழுக்க ஏதோ வளைஞ்ச குறி அடுக்கா இருக்கு. பிரிண்டர் கோளாறா? போலியா?

கோப்புப்பூச்சி, 9 மார்ச் 2023

அது இருந்தால்தான் டெக்சாஸ். சட்டப்பிரிவைக் காட்டும் குறி, இரண்டு எஸ் பின்னிக்கொண்ட மாதிரி இருக்கும். இடப்பக்கம் வழக்குத் தலைப்பு, வலப்பக்கம் நீதிமன்ற எண்ணும் கவுண்டியும், நடுவில் அந்தக் குறி ஒன்றன்கீழ் ஒன்றாக வேலி மாதிரி. அதற்கு மேலே நடுவில் காஸ் நம்பர். வலது மூலையில் "ஃபைல்டு" முத்திரை, அதில் தேதியும் மணியும் உதவிக் கிளர்க்கின் கையெழுத்தும். ஓரத்தில் தொகுதி, பக்கம் எண் பொறித்திருந்தால் அதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்தமுறை தேட அதுவே போதும்.

அந்த முதல் பக்கத்தில் "அப்பியரன்சஸ்" என்ற பத்தி, அதாவது யார் யார் ஆஜரானார்கள் என்பது, இருக்கிறதா? அதைப் படித்து, எதிர்மனுதாரரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

புதுவரவு, 10 மார்ச் 2023

எதிர்மனுதாரர் நேரில் வந்து, நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டதா இருக்கு.

கோப்புப்பூச்சி, 10 மார்ச் 2023

நல்லது. இந்தியாவில் அந்த ஒரு பத்திக்குத்தான் மதிப்பு.

டெக்சாஸ் தீர்ப்பில் காரணமாகப் பெரும்பாலும் "இன்சப்போர்ட்டபிலிட்டி" என்றே இருக்கும், ஒத்துப்போகாத குணங்களால் திருமணம் தாங்க முடியாததாகிவிட்டது என்று. இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணம் கிடையாது. 1991-ல் நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம், மிசௌரி மாநில நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை ஏற்கவில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டத்தில் இருக்கும் காரணத்துக்காக, அந்தச் சட்டப்படி அதிகாரமுள்ள நீதிமன்றம் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்றது. விதிவிலக்குகளில் ஒன்று, எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்புக்குச் சம்மதித்திருப்பது. "சம்மன் போனது, வரவில்லை, ஒருதலையாகத் தீர்ப்பு" என்று அந்தப் பத்தியில் இருந்திருந்தால், பதிவாளரிடம் போகும் முன் இங்கே ஒரு குடும்ப வழக்கு வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். இப்போதும் பார்ப்பது தப்பில்லை, ஆனால் தூக்கம் கெட வேண்டாம்.

ஆரம்பத்தில் நகல் கிடைப்பதைப் பற்றி மட்டுமே எழுதினேன். முதல் பக்கம் தொலைந்தது ஏன் கவலை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நோட்டரி மாமா, 11 மார்ச் 2023

சரி, இப்பவாவது அப்பஸ்டில் போடலாமா?

கோப்புப்பூச்சி, 11 மார்ச் 2023

போடலாம் மாமா. இந்தியா 2005-லிருந்து அப்பஸ்டிலை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் இருக்கிறது. கிளர்க் முத்திரையிட்ட சான்றிட்ட நகல், 5 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். 2012-லேயே வாங்கிய சான்றிட்ட நகல் பீரோவில் இருந்திருந்தாலும் இதற்கு உதவாது. படிவம் 2102-ல் நாடு "இந்தியா" என்று எழுதி, ஒரு ஆவணத்துக்கு 15 டாலர், திரும்பும் உறையோடு ஆஸ்டினில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்கு. நடுவில் நோட்டரி யாரும் வேண்டாம், மன்னிக்கவும்.

இரண்டு சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஒன்று அப்பஸ்டிலுக்கு. ஐ-130க்கு ஜெராக்ஸ் வைத்தால் போதும், ஆனால் நேர்காணலில் காட்ட இன்னொன்று கையில் இருக்கட்டும். இரண்டாவது நகலுக்கு 14 டாலர்தான்.

வந்ததும் பக்கங்களை எண்ணுங்கள். 14-ல் ஒன்று நகல் எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு விட்டுப்போவது உண்டு. கடைசியில் கிளர்க்கின் சான்று வாசகம், கையெழுத்து, தேதி, முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விரலால் தடவினால் மேடு தெரியும் அழுத்து முத்திரையாக இருந்தால் ஜெராக்ஸில் விழாது, பென்சிலால் லேசாகத் தேய்த்துக் காட்டச் சொல்லும் அலுவலகமும் உண்டு. அசலில் தேய்க்காதீர்கள்.

முக்கியமாக, பின்னைக் கழற்றக் கூடாது. 14 பக்கத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும் அந்தப் பின்தான் இது ஒரே ஆவணம் என்பதற்கு அத்தாட்சி. ஸ்கேன் பண்ண வேண்டுமென்றால் மூலையை மடித்து ஒவ்வொரு பக்கமாக.

புதுவரவு, 4 ஏப்ரல் 2023

நகல் வந்தது அண்ணா. ஒண்ணுதான் வாங்கினேன், இரண்டாவது எதுக்குன்னு விட்டுட்டேன். 14 பக்கமும் சரியா இருந்தது, முத்திரையும் இருந்தது. ஆனா நான் வர்றதுக்குள்ள வீட்ல ஸ்கேன் எடுக்கறேன்னு பின்னைப் பிடுங்கி, ஃபீடர்ல போட்டு, வேற பின் குத்தி வெச்சிருக்காங்க. பழைய ஓட்டை பக்கத்திலேயே தெரியுது.

கோப்புப்பூச்சி, 4 ஏப்ரல் 2023

இன்னொரு 14 டாலர் மணி ஆர்டர். காஸ் நம்பரை முதல் வரியில் போடுங்கள், தேடுதல் கட்டணம் 5 மிச்சம்.